பெரட்டு நேரத்து வானம்

3 ஜனவரி 2026, சனி

மார்கழித் திருவாதிரை. அம்மா களி கிண்டியிருந்தார். இரவு ஒன்பது மணிக்குப் பாப்பாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"திருவாதிரைன்னா சாமி பேருதானே?"

கிழக்கே மலைக்கு மேல் முழுநிலா. அதற்குக் கீழே வியாழன். நிலாவின் வலப்பக்கம், இன்னும் மேலே, செம்பழுப்பாக ஒரு புள்ளி. அதுதான் திருவாதிரை என்று காட்டினேன்.

"ஏன் சிவப்பா இருக்கு? கோவமா?"

ஆலைப் பட்டறையில் இரும்பைக் காய்ச்சுவதைச் சொன்னேன். முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற வெளுக்கும். நட்சத்திரமும் அப்படித்தான், சிவப்பு என்றால் சூடு குறைவு. ஆனால் உருவம் பெரிது. சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையை வைத்தால் பூமியை மட்டுமல்ல, செவ்வாயையும் தாண்டிப் பரவிவிடும். களியை மென்றுகொண்டே கேட்டாள்.

11 ஜனவரி, ஞாயிறு

நாளை பாப்பாவுக்குப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. புதுப் பை, புதுச் சப்பாத்து, தூக்கம் மட்டும் வரவில்லை. தொலைநோக்கியை வாசல் கேட்டின்மேல் வைத்து வியாழனைக் காட்டினேன். கையில் பிடித்தால் ஆடும், கேட்டில் அழுத்திப் பிடித்தால் போதும். பக்கத்தில் ஒரே கோட்டில் சின்னப் புள்ளிகள். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்ததும் இதே நிலாக்களைத்தான். வியாழன் இப்போது நமக்குக் கிட்டே இருக்கிறது; கிட்டே என்றால் 63 கோடி கிலோமீட்டர்.

"அங்க ஸ்கூல் இருக்கா?"

இல்லை என்றதும் முகம் மலர்ந்தது.

14 பிப்ரவரி, சனி

நிலா இல்லாத இரவு. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் இப்படித் துடைத்துவிட்ட வானம் அடிக்கடி வாய்ப்பதில்லை. அம்மாவையும் நாற்காலி போட்டு வாசலில் உட்கார வைத்தேன். முட்டிவலிக்காரர், அண்ணாந்து பார்த்து எத்தனை வருஷமோ.

உச்சியில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக. மேற்கே கார்த்திகைக் கொத்து. தெற்கே அகத்தியர் நட்சத்திரம், அதற்கும் கீழே ஈப்போவின் வெளிச்சம் சாம்பல் பூசினாற்போல. நட்சத்திரங்களில் எல்லாவற்றையும் விடப் பளிச்சென்று சிரியஸ். அதன் ஒளி இங்கு வந்து சேர 8.6 வருஷம். "நானும் உங்கம்மாவும் கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ண வருஷம் கெளம்புன வெளிச்சம், இப்பதான் உன் கண்ணுல விழுது" என்றேன். அவள் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அம்மா திடீரென்று, "இது தீவாளி சமயத்து வானமாச்சே" என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். விடிய ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகும்போது தலைக்கு மேல் இந்த மூன்றும் நிற்குமாம், தீபாவளிக்கு முன்னால். அம்மா சொன்னது அப்பட்டமான உண்மை. நட்சத்திரங்கள் தினமும் நான்கு நிமிடம் முந்தி உதிக்கின்றன. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். அக்டோபர் நடுவில் விடிகாலை ஐந்துக்கு இருக்கும் வானம்தான், நான்கு மாதம் கழித்து இரவு ஒன்பதுக்கு. பெரட்டுக் கொட்டாயில் தலைவிளக்கோடு நின்ற பெண்ணின் வானத்தைத்தான் பேத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாள் அம்மாவிடம் இதைக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

22 பிப்ரவரி, ஞாயிறு

மழை.

3 மார்ச், செவ்வாய்

முழுச் சந்திர கிரகணம். நிலா முழுதாக மறைவது ஏழு மணிக்கே தொடங்கிவிட்டது, நிலா அப்போது மலைக்கு அந்தப் பக்கம். 7.30 வாக்கில் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. மேற்கே சூரியன் இறங்கிவிட்டது. கிழக்கே நிலா வந்திருக்க வேண்டும். காணோம்.

"மேற்க சூரியன், கிழக்க நிலா, நடுவுல நாம. நம்ம நிழல்தான் அதுமேல விழுந்திருக்கு."

"நான் நகந்துட்டா?"

சொன்னதோடு நிற்கவில்லை. கேட்டுக்கும் கொய்யா மரத்துக்குமாக ஓடினாள்.

8.15க்கு மலைமுகட்டு மேகம் விலகியது. ஓரத்தில் தேங்காய்க் கீற்றாக ஒரு வெள்ளை, மீதியெல்லாம் பழஞ்செங்கல் நிறம். பூமியைச் சுற்றிலும் இந்த நிமிடம் விடிகிற, இருட்டுகிற ஊர்களின் செவ்வொளிதான் காற்றில் வளைந்து அங்கே விழுகிறது என்று விளக்கினேன். "நான் ஓடினதாலதான் வெளிச்சம் வந்திச்சு" என்றாள். மறுக்க மனம் வரவில்லை.

கிரகணம் விடும்வரை சாப்பாடு கிடையாது என்பது அம்மாவின் சட்டம். 9.17க்கு நிழல் முழுக்க விலகியது. பாப்பா குளித்து, சாப்பிட்டு, பாட்டி பக்கத்திலேயே படுத்துவிட்டாள்.

4 மார்ச், புதன்

விடிகாலை 5.30. வாசல் கதவு திறக்கும் சத்தம். எழுந்து பார்த்தால் நாற்காலியில் அம்மா, மடியில் போர்வையோடு பாப்பா. அம்மாவின் விரல் தெற்கே உயரத்தில் வளைந்து கிடந்த விருச்சிகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் இன்னும் அவளுக்குச் சொல்லித்தராதது.

"அந்தா, செவப்பா ஒண்ணு தெரியுதா? அதுக்குக் கீழ வாலு. நாங்க நட்டுவாக்காலின்னுதான் சொல்லுவோம்."

"கடிக்குமா பாட்டி?"

நான் வெளியே போகவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.