வக்கீலை மாற்றப் போய்க் கற்றுக்கொண்ட ஃபீஸ் கணக்கு

நான் கொடுத்த கடன், வட்டியோடு சேர்த்து 4 லட்சம் வரவேண்டும். புரோநோட்டை வைத்து வழக்குப் போட்டேன். நோட்டீஸ் போனது, வழக்குக்கு நம்பரும் விழுந்தது. அடி விழுந்தது ஃபீஸ் விஷயத்தில்தான்.

“மொத்தம் 30 ஆயிரம்” என்று வக்கீல் சொன்னதும் தலையாட்டிவிட்டேன். அந்த மொத்தத்துக்குள் எதெல்லாம் அடங்கும் என்று கேட்கவில்லை. அப்புறம் டைப்பிங், பேட்டா (எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்பும் செலவு), குமாஸ்தா செலவு, வாய்தாவுக்கு 500 என்று தனித்தனியாக வாங்கினார்கள். எதற்கும் ரசீது இல்லை. பிறகு வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்தால், காசு வாங்கிய இரண்டு தேதிகளில் எங்கள் வழக்கே இல்லை.

கோர்ட் கட்டணம் என்று 20 ஆயிரம் கொடுத்திருந்தேன். பிராது (கோர்ட்டில் தாக்கல் செய்த வழக்கு மனு) நகலின் கடைசியில் கட்டணக் கணக்கு இருக்கும் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதில் இருந்தது 12 ஆயிரம். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு முன்பு நூற்றுக்கு ஏழரை. 2017 திருத்தத்துக்குப் பிறகு 3 ரூபாய்தான். மீதி 8 ஆயிரம் பற்றிக் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. வழக்குத் தாக்கலானதும் நகலை வாங்கி அந்தப் பக்கத்தை முதலில் பாருங்கள்.

வக்கீலை மாற்ற, ஆட்சேபணை இல்லை என்று பழையவர் கையெழுத்துப் போடவேண்டும். “பாக்கி 10 ஆயிரம் வைத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன்” என்று வழக்குக் காகிதங்களைப் பிடித்து வைத்துக்கொண்டார். மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். நல்லவேளை, அசல் புரோநோட்டு கோர்ட்டில் இருந்தது.

புது வக்கீல்தான் வழி சொன்னார். ஃபீஸ் பாக்கி என்றால் அதற்குத் தனியாக வழக்குப் போடலாம், கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பத்தாம் நாள் கட்டும் கையெழுத்தும் வந்து சேர்ந்தன! வராமல் போயிருந்தால் கோர்ட்டிலேயே அனுமதி கேட்டு மனுப் போட்டிருப்போம்.

இந்த முறை ஃபீஸை ஒரு தாளில் எழுதி வாங்கினேன். இப்போது எவ்வளவு, விசாரணை முடிந்ததும் எவ்வளவு, டைப்பிங் யார் செலவு, எல்லாம் அதில் இருக்கிறது. நிறைவேற்று மனுவுக்கும் அப்பீலுக்கும் தனி ஃபீஸ் என்றும் அவரே எழுதினார். தீர்ப்பு கிடைத்தாலும் எதிராளி கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனுப் போட்டுத்தான் வசூலிக்க வேண்டுமாம். வசூலாவதில் இத்தனை சதவீதம் என்று யாராவது பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பார் கவுன்சில் விதிப்படி வக்கீல்கள் அப்படி வாங்கக் கூடாது.

பெண்கள் வழக்குப் போடுவதாக இருந்தால் முதலில் சட்ட உதவி எண்ணான 15100-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் அவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.