டாமார் மின்யாக்: போத்தலுக்குள் இதுவரை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துண்டைப் போத்தலில் வளர்த்துக் கன்றாக்குவது, என்றால் எல்லாருக்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் ஞாபகம் வரும். நான் எடுத்திருப்பது டாமார் மின்யாக் என்ற காட்டு மரம், அறிவியல் பெயர் அகாதிஸ் போர்னியென்சிஸ். ஊசியிலை வகை என்று பெயர், ஆனால் இலை அகலமாகத் தோல்போல் தடித்திருக்கும். பலகைக்காக வெட்டி வெட்டியே ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அருகிவரும் இனமாகிவிட்டது. விதை போட்டு வளர்க்கலாமே என்றால், அது சீக்கிரமே முளைக்கும் திறனை இழந்துவிடுகிறது.

ஆய்வுக்கூடம் என்பது எங்கள் பின்கட்டு அடுப்படி. துண்டு வளரும் சத்துக்கூழான ஊடகம் ஒரு லிட்டருக்கு, எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) என்ற சத்து உப்புக் கலவை வழக்கத்தில் பாதி அளவு, 30 கிராம் சீனி, கடையில் விற்கும் அகார் அகார் தூள். அமிலத்தன்மையை பிஎச் 5.8-க்குக் கொண்டுவந்து, ஜேம் போத்தல்களில் ஊற்றி, பிரஷர் குக்கரில் 20 நிமிடம். கைவிடும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள்தான் வெட்டும் வேலை எல்லாம். பூஞ்சை வரத்தான் செய்கிறது. மூடியைத் திறக்காமல் அப்படியே குக்கரில் வேகவைத்து எறிந்துவிடுவேன்.

பூஞ்சையை விடத் தொல்லை, வெட்டுவாய் கறுப்பது. வெட்டிய இடத்தில் ஃபீனால் என்ற வேதிப்பொருள் கசிந்து, காற்றுப்பட்டு, ஊடகமே கடுங்காப்பி நிறமாகிவிடும். இப்போது ஊடகத்தில் கொஞ்சம் கரித்தூள் கலந்து, முதல் வாரம் இருட்டில் வைத்து, கறுக்கத் தொடங்கியதும் புதுப் போத்தலுக்கு மாற்றுகிறேன். நிறையவே பிழைக்கின்றன.

இந்தக் குடும்பத்து மரங்களில் எந்த மொட்டை எடுக்கிறோம் என்பதுதான் உண்மையான விஷயம். பக்கக் கிளை நுனி சுலபமாகக் கிடைக்கும். ஆனால் இதே குடும்பத்து அராக்கேரியா மரத்தில் அதிலிருந்து வரும் கன்று வேர்விட்ட பிறகும் தன்னைக் கிளை என்றே நினைத்துப் படுக்கைவாட்டில் வளரும், மரமாக நிமிராது. ஆஸ்திரேலியாவில் 1994-ல் கண்டுபிடிக்கப்பட்ட வோலெமி பைனிலும் இதே குணம் உண்டு. அதனால் நான் நர்சரியில் வாங்கிய நாற்றுகளின் தலையைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டில் இலைக்கக்கத்திலிருந்து நேராக எழும்பும் துளிரை மட்டும் எடுக்கிறேன். மெதுவான வழி. ஆனாலும் இதைவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

செம்பனைக் குளோன் கூடத்தில் வேலை பார்த்த பக்கத்துவீட்டு அண்ணன் போத்தல்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பச்சையா இருக்கேன்னு சந்தோஷப்படாத தம்பி. எங்க கன்னும் பச்சையாத்தான் இருந்துச்சு, குலை தள்ளினப்புறம்தான் காய் கோணலா வந்துச்சு" என்றார். அவர் சொன்னது உண்மைதான். குளோன் செம்பனையில் அந்தக் கோளாறு 1980-களிலேயே தெரிந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அதன்மேல் ஒட்டியிருந்து அதை அடக்கிவைக்கும் மெத்தில் என்ற வேதிக்குறிதான் அழிந்துவிட்டது என்று மலேசிய செம்பனை வாரிய ஆய்வாளர்கள் 2015-ல் கண்டுபிடித்தார்கள். அது காலஸ், அதாவது உருவமற்ற திசுக் கட்டி, வழியாக வரும் கன்றில் நேர்வது. நான் காலஸ் பக்கம் போகாமல் நேரடியாக மொட்டிலிருந்தே வளர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போதைக்குத் துளிர்கள் நிமிர்ந்து நிற்கின்றன, வேர் இன்னும் இல்லை. அடுத்து வேர்விடத் தூண்டும் ஐபிஏ ஹார்மோன் கலந்த ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். எந்தத் துளிர் எந்த நாற்றிலிருந்து வந்தது என்று மூடியில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே நாற்றின் நகல்களாகிவிட்டால் காட்டுக்கு அதனால் பெரிய பிரயோஜனமில்லை.