பிழையைக் கேட்கும் காது

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வரும் பருவத்தில், குன்னூரிலும் கோத்தகிரியிலும் பேச்சுக் குறைபாடுள்ள பிள்ளைகளை என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வரும் பெற்றோர், வீட்டில் மூத்த பெண்ணைப் பேச்சுப் பயிற்சியாளராவதற்கான பட்டப்படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்பது வழக்கம். அண்மைக் காலமாக அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. "எல்லாத்துக்கும் ஏஐ வந்துடும்னு சொல்றாங்களே டீச்சர், நாலு வருஷம் படிச்சு முடிச்சா வேலை இருக்குமா?"

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களான ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013-இல் 702 தொழில்களை எடுத்துக்கொண்டு, அவை கணினிமயமாகும் வாய்ப்பைக் கணக்கிட்டார்கள். பேச்சுப் பயிற்சியாளருக்கு அது ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே வந்தது. ஆனால் தமிழைக் கேட்டு உடனுக்குடன் எழுதும் இயந்திரம் அன்று எங்கள் கைக்கு எட்டியிருக்கவில்லை. ஆகவே அந்த எண்ணைக் காட்டி எவருக்கும் நான் தைரியம் சொல்வதில்லை.

இன்றைய நிலை வேறு. 2022-இல் வெளியான, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் என்னும் மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலிப்பதிவைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென இத்தகைய கருவிகளை உருவாக்கியிருக்கிறது. ஆயினும், இக்கருவிகளின் திறமை எதுவோ அதுவே எங்கள் அறையில் குறையாகிவிடுகிறது. பேசுபவர் என்ன சொல்ல நினைத்தார் என்று ஊகித்து, சரியான சொல்லை எழுதிவிடுவதற்காகவே அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தை கத்தியைத் 'தத்தி' என்று சொன்னால், திரையில் பெரும்பாலும் கத்தி என்றே விழுகிறது. திக்கிப் பேசும் இளைஞர் 'நா... நா... நாளைக்கு' என்றால், நாளைக்கு என்று மட்டும் பதிவாகிறது. எங்களுக்கு வேண்டியதோ அந்தத் தகரமும், அந்த இரண்டு 'நா'வும்தான். ககரத்தைத் தகரமாக்கும் குழந்தை டகரத்தையும் அப்படி மாற்றுகிறதா, சொல்லின் முதலில் மட்டுமா, நடுவிலுமா என்பதைக் கொண்டுதான் பயிற்சியை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்கிறோம். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களிடம் நிலைமை இன்னும் சிக்கலானது. சொல் கிடைக்காமல் அவர்கள் நீண்ட நேரம் தயங்குவார்கள். விஸ்பரைச் சோதித்து 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ ஒரு சதவீத ஒலிப்பதிவுகளில் எவரும் பேசாத முழுத் தொடர்களை அது தானாகவே எழுதியிருந்தது தெரியவந்தது. பேச்சிழப்பு உள்ளவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக இருந்தது.

நீலகிரியில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. என்னிடம் வரும் பிள்ளைகளுள் பலருக்கு வீட்டு மொழி ஏட்டுத் தமிழ் அன்று. தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் இங்குள்ள படுகர் பேசும் படுகு மொழியில் ஹகரத்தில் தொடங்குகின்றன. இம்மலையின் பழங்குடியினரான தோடரின் மொழியில், நாவின் பக்கவாட்டில் காற்றை உரசவிட்டு எழுப்பும் ஒலிகள் இயல்பாகவே உண்டு. தமிழ்ப் பேச்சை மட்டும் கேட்டுப் பழகிய காதுக்கு அவை சகரத்தைத் தவறாக உச்சரிப்பதுபோல் படும். கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் வருகிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் மலையகத் தமிழும், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் மொழிகளும் ஒரே லைன் வீட்டு வரிசையில் கேட்கும். எது குறைபாடு, எது வீட்டு மொழியின் சாயல் என்று பிரித்தறிவதே இங்கே பாதி மதிப்பீடு. தோடரின் மக்கள்தொகையே இரண்டாயிரம் அளவில்தான் என்னும்போது, அவர்களுடைய மழலையைப் பெரிய அளவில் திரட்டி எந்த நிறுவனம் இயந்திரத்துக்குக் கற்பிக்கப் போகிறது? படுகு பேசும் பெண் ஒருத்தி இப்படிப்பை முடித்து ஊர் திரும்பினால், தன் ஹட்டியின் (படுகர் ஊரின்) குழந்தைகள் எந்த ஒலியை எந்த வயதில் பெறுகிறார்கள் என்று பதிவு செய்யும் பணி ஒன்றே அவளுக்குப் பல ஆண்டுகளுக்குப் போதும்.

இவ்வளவு சொன்னாலும், நான் இக்கருவிகளை ஒதுக்கியவள் அல்லள். அறிக்கையின் முதல் வரைவு, பெற்றோருக்கு எளிய தமிழில் வீட்டுப் பயிற்சிக் குறிப்பு, தேயிலைக் கூடையும் குன்னூர் ரயிலும் வரும் படக்கதை ஆகியவற்றைக் கணினி நொடியில் தந்துவிடுகிறது. மஞ்சூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் தாய்க்கு, இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நாள்களில் குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் கைபேசிச் செயலி உண்மையான உதவி. (சிக்னல் கிடைத்தால்.)

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தையின் பேச்சை ஒலிப்பதிவிலிருந்து மறுபடி மறுபடி கேட்டு, ஒலிக்குறிகளில் கையால் எழுதும் அலுப்பான வேலையில்தான் எங்கள் தலைமுறைக்குக் காது பழகியது. நான்காண்டுப் படிப்பில் கடைசி ஓராண்டு உள்ளகப் பயிற்சி வைத்திருப்பதும் இதற்காகத்தான். இப்போது பயிற்சிக்கு வரும் மாணவியர் முதலில் இயந்திரம் எழுதித் தந்ததைப் படிக்கிறார்கள், பிறகுதான் ஒலியைக் கேட்கிறார்கள். திரையில் 'கத்தி' என்று பார்த்துவிட்ட கண், காதையும் அப்படியே கேட்கவைத்துவிடுகிறது. அதனால் என் அறையில் கையால் எழுதும் பதிவு முடியும்வரை கணினியைத் திறக்க விடுவதில்லை. விழுங்குவதில் உள்ள சிக்கலைக் கவனிப்பதும் எங்கள் வேலையே. பக்கவாத நோயாளி ஒரு வாய் தண்ணீர் விழுங்கியபின், தொண்டையில் நீர் தேங்கியதுபோல் குரல் ஈரமாக மாறுகிறதா என்று கேட்டறிவதையும், தொண்டையில் விரல் வைத்து விழுங்குதலை உணர்வதையும் இதே பொறுமையோடுதான் கற்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கவலை பணியிடங்களைப் பற்றியது. இருக்கும் வேலையை இயந்திரம் பறித்துக்கொள்ளும் என்பதைவிட, உருவாக வேண்டிய வேலை உருவாகாமலே போய்விடும் என்றே அஞ்சுகிறேன். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம், மாவட்டந்தோறும், குழந்தைகளின் குறைபாடுகளைச் சிறுவயதிலேயே கண்டறிந்து உதவும் ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையும் அதில் பேச்சுப் பயிற்சியாளரையும் வகுத்திருக்கிறது. மலை மாவட்டத்தில் ஒரே மையம் என்பது, பந்தலூர்க் குழந்தைக்கு வளைவு வளைவாக ஒரு பகல் பயணம். வட்டத்துக்கு ஒருவர் வேண்டும் என்று பேச்செடுத்தால், "பள்ளிக்கு ஒரு டேப்லெட் கொடுத்தால் போதாதா?" என்று நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். டேப்லெட் கொடுக்கட்டும், அதைப் பேச்சுப் பயிற்சியாளரின் உபகரணச் செலவில் எழுதட்டும், அவருடைய சம்பளத் தலைப்பில் எழுத வேண்டாம் என்றுதான் நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வருகிறேன்.