சுடுவதை விடக் கடினம் உறையில் செருகுவது
டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாதவராயின், 2021 செப்டம்பர் முதல் உரிமம் பெறாமலேயே கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆயினும் என்னிடம் துப்பாக்கி பழக வந்த நண்பரை முதலில் உரிம வகுப்பில் சேரச் சொன்னேன். பள்ளிக்கு 1000 அடிக்குள், தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் பொதுச்சாலையில் செல்வதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. மாநில உரிமம் பெற்றவருக்கு அதில் விலக்கு உண்டு. (நண்பர் கிரீன் கார்டு பெற்றவர். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கோ, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம்.)

உரிமத் தேர்வில் 3, 7, 15 கெஜத் தொலைவுகளில் 50 தோட்டாக்கள் சுட வேண்டும். 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. சிறிது பழகியவருக்கு இது பெரிய காரியமன்று. ஆனால் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துத் திரும்பச் செருகும் வேலையை அத்தேர்வு சோதிப்பதில்லை, என் பார்வையில் ஆபத்து முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சட்டை நுனியோ ஜாக்கெட்டின் கயிறோ விசைக்காப்புக்குள் (விசையைச் சுற்றியுள்ள வளையம்) சிக்கிய நிலையில் துப்பாக்கியை உறைக்குள் அழுத்தினால், விரல் படாமலேயே விசை இழுபட்டு, தோட்டா தொடையில் பாயும்.

நண்பர் வாங்கி வந்த மென்துணி உறை, துப்பாக்கியை எடுத்தவுடன் வாய் மூடிக்கொண்டது. அதை ஒதுக்கிவிட்டு, விசைக்காப்பை முழுதாக மூடும் கைடெக்ஸ் எனும் கெட்டியான பிளாஸ்டிக் உறையும் தடித்த பெல்ட்டும் வாங்கச் சொன்னேன். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே பயிற்சி தொடங்கும். இடக்கை சட்டையை மார்புவரை தூக்கிப் பிடிக்க, வலக்கையின் சுட்டுவிரல் விசையை விட்டு விலகி, துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடின் பக்கவாட்டில் நீண்டிருக்க, உறையின் வாயைக் குனிந்து பார்த்தபடியே மெதுவாகச் செருக வேண்டும். எங்கேனும் தட்டுப்பட்டால் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். வேகமாக எடுக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. வேகமாகச் செருகியவருக்குப் பரிசு யாரும் தருவதில்லை.

சிவப்பில் 51 என்று எழுதிய பலகை தொங்கும் மதுக்கூடங்களுக்குள் உரிமம் உள்ளவரும் துப்பாக்கியைக் கொண்டு போகக்கூடாது. அத்தகைய இடங்களில் காரிலேயே, துப்பாக்கியை உருவாமல் உறையோடு கழற்றி, இருக்கைக்கடியில் பொருத்திய இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.