ஆக்காட்டி கத்தினா காலடிய பாருங்க

பெரும்போக வெட்டு முடிஞ்ச கையோட திருகோணமலை தம்பலகாமத்தில மாமாட நெல் வயலுக்குப் போயிருந்தன். வரம்பால இறங்கினதுதான், ரெண்டு ஆக்காட்டிக் குருவி தலைக்கு மேல வந்து கத்தத் தொடங்கிட்டுது, ஒண்டு மூஞ்சிக்கு நேரா பாய்ஞ்சு வந்து கிட்ட வந்தோண்ண விலகிப் போகுது. முட்டை இருக்கெண்டு விளங்கிட்டுது, படம் எடுக்கிற ஆசையில போனைக் கையில வச்சுக்கொண்டு அதுகள் இறங்கி இறங்கி நிண்ட பக்கமா தேடிப் போனன். "மகன், அது உன்ன இழுத்துக்கொண்டு போகுது, அந்தப் பக்கம் ஒண்டும் இல்ல, முதல்ல காலடிய பாத்து நட" எண்டார் மாமா.

முட்டை நாலும் நான் இறங்கின இடத்துக்குக் கிட்டத்தான் கிடந்தது. கூடெண்டு ஒண்டும் இல்ல, சின்னக் குழி, சுத்திவர கொஞ்சம் கல்லு, ஆட்டுப்புழுக்கை. கூர் நுனியெல்லாம் உள்பக்கமா வச்சு, மண் நிறத்தில கறுப்புத் திட்டுத் திட்டா இருந்துது. ரெண்டு எட்டு தள்ளி நிண்டா கண்ணுக்குத் தெரியாது. இப்படித் திறந்த வெளியில கிட்டத்தட்ட நாலு கிழமை அடைகாக்க வேணும்.

போனை உள்ளுக்க வச்சிட்டு மாமாவோட தூர மர நிழல்ல போய் இருந்து பின்னேரம் வரைக்கும் பாத்தம். முதல்ல ஒரு நாய் வந்துது. ஆக்காட்டி அதுக்கு முன்னால விழுந்து செட்டை முறிஞ்ச மாதிரி நிலத்தில இழுத்து இழுத்துப் போகுது, நாயும் லேசா ஒரு இரை கிடைச்சிட்டெண்டு பின்னால போய், நல்ல தூரம் போனோண்ண ஆக்காட்டி ஒண்டுமே நடக்காத மாதிரி எழும்பிப் பறந்திட்டுது. பிறகு மாடு வந்துது. மாட்டுக்கு அந்த நடிப்பு இல்ல, ஏனெண்டா மாடு பறவைய துரத்தாது, மிதிச்சிட்டுத்தான் போகும். அதால முட்டைக்கு முன்னாலயே செட்டைய விரிச்சுக்கொண்டு நிண்டு கத்துது, அவ்வளவு பெரிய மாடு விலகிப் போனதை என்ர கண்ணால பாத்தன். காகத்துக்கு ரெண்டும் சேந்து மேல எழும்பித் துரத்துதுகள். ஆளுக்கு ஆள் வேற வேற வழி! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிட்டுது.

எங்கட நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடற்கரை மணலில முட்டை இடுற உப்புக்கொத்தி எண்டு சின்னக் குருவி இருக்கு. இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும் இருக்கிறதை 2023ல ஹனுமன் ப்ளோவர் எண்டு தனி இனமாப் பிரிச்சிருக்கினம். உப்புக்கொத்திச் சாதியில ஆளைத் தூரத்தில கண்டோண்ணயே சத்தமில்லாம முட்டைய விட்டு ஓடி, வெறும் மணலில போய் அடைகாக்கிற மாதிரி இருந்து ஏமாத்துற குருவிகளும் இருக்கு. கடற்கரை மணலுக்க மோட்டார் சைக்கிள் ஓடுற தம்பிமார் தயவுசெய்து இதைக் கொஞ்சம் யோசியுங்க, டயருக்கு முன்னால அந்த நடிப்பு ஒண்டும் எடுபடாது.

மாமா முட்டையச் சுத்தி நாலு தடி ஊண்டி, டிராக்டர்காரருக்கும் சொல்லி வச்சார். போன கிழமை கோல் எடுத்துக் கேட்டன். குழி வெறுமையாம், ஆனா வரம்பில கால் வைக்கவே விடாம ரெண்டும் முந்தியவிடக் கத்துதுகளாம். குஞ்சுகள் எங்கயோ வைக்கலுக்க அசையாமப் படுத்துக் கிடக்குதுகள்.