கறுப்பு ஆப்பிள்: நியூ ஜெர்சி எடிசன் நகரத்து அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 12, 2024, சனி

பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் நாளுக்கு, இந்த ஆண்டு சூனியக்காரி கையிலிருந்து வாங்கியது போன்ற கறுப்பு ஆப்பிள் மிட்டாயை வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று மகள் போன மாதமே சொல்லிவிட்டாள். செய்முறை எளிதாகத்தான் தெரிந்தது. 3 கோப்பை சர்க்கரை, அரைக் கோப்பை கார்ன் சிரப் என்னும் சோளப் பாகு, 1 கோப்பை தண்ணீர் ஆகியவற்றை 300 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 149 செல்சியஸ் வரும்வரை காய்ச்சி, நிறம் கலந்து, குச்சி செருகிய ஆப்பிளை அதில் முக்கி எடுக்க வேண்டும்.

எட்டில் ஒன்றுகூட உருப்படவில்லை. பாகு பழத்தின்மேல் நிற்காமல் வழுக்கி இறங்கி அடியில் தேங்கியது. நின்ற இடங்களிலும் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முக்கியதால் பழத்தின் தோலில் ஈரம் வியர்த்திருந்தது ஒரு காரணம். கடை ஆப்பிளின் மெழுகு இன்னொரு காரணம். பறித்த பழத்தைக் கழுவும்போது அதன் இயற்கை மெழுகு போய்விடுவதால், கார்னோபா என்னும் பிரேசில் பனை மெழுகையோ அரக்கையோ மேலே பூசி விற்கிறார்கள். அரக்கு ஒரு பூச்சியின் சுரப்பு என்பதை அம்மாவிடம் சொன்னது என் பிழை. ஏகாதசிகளில் ஆப்பிளை நம்பியே காலம் தள்ளியவர், இனித் தோல் சீவாமல் அதைத் தொடுவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

பழங்களைக் கொஞ்சம் வினிகர் விட்ட கொதிநீரில் சில நொடிகள் அமிழ்த்தி, முரட்டுத் துணியால் தேய்த்து, இரவு முழுவதும் மேசையிலேயே வைத்திருந்தேன். மெழுகுச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சோதித்தபோது 212 காட்ட வேண்டிய வெப்பமானி 221 காட்டியதால், அதை ஒதுக்கிவிட்டு அம்மாவின் கைப்பதத்தை நம்பினோம்.

கார்த்திகைப் பொரி உருண்டைக்கு வெல்லப் பாகை அம்மா பார்க்கும் முறை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அந்த ஓசை கேட்டதும் அடுப்பை அணைத்தோம். பூச்சு கண்ணாடிபோல் அழகாகப் படிந்தது. கடித்த பிறகுதான் விவகாரம் தெரிந்தது. பொரியைப் பிடித்து வைக்கும் பாகு பல்லையும் பிடித்து வைத்தது. உருட்டுப் பதத்தில் பாகில் இன்னும் ஏறக்குறைய 8 விழுக்காடு தண்ணீர் எஞ்சியிருக்கும். 300 டிகிரியில் அது 1 விழுக்காட்டுக்கு இறங்குவதால்தான் மிட்டாய் இழுபடாமல் ஒடிகிறது. “உருண்டா போதாது, ஒடியணும்” என்று அம்மாவே தம் பதத்தைத் திருத்திக்கொண்டார்.

கார்ன் சிரப் எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, சர்க்கரை மீண்டும் கட்டி கட்டியாகப் பூத்துப்போகாமல் அதிலுள்ள குளுக்கோஸ் குறுக்கே நிற்கிறது என்றேன். ஜாமூன் பாகில் எலுமிச்சைச் சாறு விடுவதும் அதற்குத்தானே என்றார். அதற்கேதான், புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியை உடைத்துக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுகிறது.

அக்டோபர் 19, சனி

மெழுகுத் தொல்லை இல்லாத பழத்துக்காகத் தோட்டத்துக்கே போய்க் கிரானி ஸ்மித் என்னும் பச்சை ஆப்பிள் பறித்து வந்தோம். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பழங்களையே தேர்ந்தெடுத்தேன்; பழம் பெரிதானால் பூச்சுக்கும் சதைக்கும் உள்ள பொருத்தம் கெட்டு, மிட்டாய் முடிந்த பிறகும் ஆப்பிள் முடியாமல் கையில் நிற்கும். இந்த வகையின் புளிப்பு தடித்த சர்க்கரைப் பூச்சுக்கு ஈடு கொடுக்கிறது. இந்த மாதம் நியூ ஜெர்சியில் மழை என்பதே இல்லை. தோட்டத்தில் நடந்தால் புழுதி பறக்கிறது. மிட்டாய்க்கு மட்டும் இந்த வறட்சி நல்லது, ஏனெனில் கெட்டிச் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும்.

மகளுக்கு ஐஸ் குச்சி பிடிக்கவில்லை. பட்ட மரத்தின் கிளைபோல் கோணலான சுள்ளி வேண்டுமாம். வீட்டு வேலியிலிருந்து ஒடித்தும் வந்துவிட்டாள். வாங்கிப் பார்த்தால் அது யூ மரம். இங்கே பாதி வீடுகளின் முன்னால் வெட்டிச் சீராக்கி நிற்கும் அந்தச் செடியின் இலை, விதை, பட்டை அனைத்தும் நஞ்சு. மிரட்டும் ஆப்பிளுக்கு இதைவிடப் பொருத்தமான குச்சி கிடைக்காது என்று மனைவி சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. கடையில் வாங்கிய மூங்கில் குச்சியே போதும் என்று முடிவாயிற்று.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று வெற்றி. புதிய வெப்பமானியை அடிப்பாகம் தொடாமல் பாகில் தொங்கவிட்டேன். சர்க்கரை கரைந்ததும் கரண்டியை எடுத்துவிட்டு, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய மணிகளை ஈரத் தூரிகையால் துடைத்ததோடு சரி. அதன் பிறகு கிளறவே கூடாது. 230 டிகிரி அளவில் பாகின் சூடு ஏறாமல் வெகுநேரம் நிற்கிறது, தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருப்பதால். பிறகு 270ஐத் தாண்டியதும் விறுவிறுவென்று ஏறத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் கைபேசியை எடுத்தவன் கெட்டான். 300 வந்தவுடன் அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பின் நிறம் சேர்த்தேன். பக்கத்தில் ஐஸ் தண்ணீர் ஒரு கிண்ணத்தில் இருந்தது. கொதிநீர் தெறித்தால் வழிந்துவிடும். இந்தப் பாகு தோலோடு ஒட்டிக்கொண்டே சுடும் என்பதால் மகளை அடுப்பிலிருந்து நாலடி தள்ளி நிறுத்தினேன்.

கறுப்பு நிறத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கறுப்பை மட்டும் கலந்தால் பாகு ஒளி ஊடுருவும் கண்ணாடியாகவே இருப்பதால், உள்ளே பச்சைத் தோல் தெரிந்து பாசி பிடித்த குளம்போல் தோன்றுகிறது. முதலில் சில சொட்டு வெள்ளை ஜெல் நிறத்தைக் கலந்து பாகைப் பால்போலாக்கி, அதன்மேல் கறுப்பைச் சேர்த்தால்தான் மை போன்ற இருட்டு வருகிறது. பழத்தைச் சாய்த்துச் சுழற்றி, சொட்டு நின்ற பிறகு எண்ணெய் தடவிய தாளில் வைத்தேன். ஆறின பின் அது கண்ணாடிபோல் பளபளத்தது. அதில் சமையலறை விளக்கு தெரிந்தது.

சிலந்தி வலைக்கு மார்ஷ்மெல்லோவை உருக்கி, விரல்களுக்கிடையில் நூல்போல் இழுத்துப் பழத்தைச் சுற்றினோம். வழக்கமான மார்ஷ்மெல்லோவில் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் இருப்பதால், சைவ வகையைத் தேடி வாங்கியிருந்தேன். அரக்கை மறக்காத அம்மா பொட்டலத்தின் பின்புறத்தை இரண்டு முறை படித்தார்.

அக்டோபர் 23, புதன்

வேலைக்குப் போகும் ரயில் நூவர்க் நிலையத்தில் நின்றபோது நினைத்துக்கொண்டேன்: இந்த மிட்டாய்க்கு ஊர் இதுதான். 1908இல் வில்லியம் கோல்ப் என்ற நூவர்க் மிட்டாய்க்காரர், கிறிஸ்துமஸ் விற்பனைக்காக இலவங்கப்பட்டைச் சுவையுள்ள சிவப்புப் பாகு காய்ச்சிப் பார்க்கையில், கடைச் சாளரத்தில் அலங்காரமாக வைக்க ஆப்பிள்களை அதில் முக்கினார் என்றும், அலங்காரத்தையே மக்கள் விலைக்குக் கேட்டதால் ஒன்று 5 சென்ட் என விற்றார் என்றும் சொல்வார்கள்.

அதே நியூ ஜெர்சி மாநிலத்தில்தான், ஆப்பிளில் சவரத் தகடு செருகிக் கொடுக்கிறார்கள் என்ற அச்சம் பரவி, அப்படிச் செய்வோருக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டத்தை 1968 ஹாலோவீனுக்கு முன் சட்டமன்றம் நிறைவேற்றியது. பின்னாளில் ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பழைய செய்திகளைத் துருவிப் பார்த்தபோது, சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை புரளியாகவோ பிள்ளைகளின் குறும்பாகவோ முடிந்தன. 1974இல் டெக்சாஸில் நஞ்சு கலந்த மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்தது உண்மை. ஆனால் கொடுத்தவன் அயலான் அல்லன், காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட தந்தை. இருந்தும் வீட்டில் செய்த பண்டத்தை முகம் தெரியாத குழந்தையின் பையில் போடும் வழக்கம் இங்கே போயே போய்விட்டது. நாங்களும் வாசலுக்கு வருபவர்களுக்கு உறையிட்ட சாக்லேட்டும், நேரில் பழகிய ஏழு வீடுகளுக்கு மட்டும் ஆப்பிளும் என்று வைத்துக்கொண்டோம்.

அக்டோபர் 27, ஞாயிறு

முன்கூட்டியே செய்து வைக்கலாமா என்று பார்த்ததில் ஒரு கசப்பான செய்தி கிடைத்தது. 2014இன் பிற்பகுதியில், ஆலையில் செய்த கேரமல் ஆப்பிள்களால் 12 மாநிலங்களில் 35 பேருக்கு லிஸ்டீரியா தொற்றியது. 7 பேர் இறந்தனர், அவற்றில் குறைந்தது 3 சாவுகளில் அந்தக் கிருமிக்குப் பங்கு இருந்தது. கேரமலில் கிருமி வளரப் போதிய நீர் இல்லை. ஆப்பிளின் புளிப்பும் அதற்கு ஒத்துவராது. அப்படியானால் எப்படி? விஸ்கான்சின் ஆய்வாளர்கள் 2015இல் விடை சொன்னார்கள்: குச்சி செருகிய துளை வழியே கசியும் சாறு, தோலுக்கும் பூச்சுக்கும் இடையில் கிருமிக்கு ஏற்ற மெல்லிய ஈரப் படலத்தை உண்டாக்குகிறது. அறை வெப்பத்தில் 3 நாளில் அங்கே கிருமி ஆயிரம் மடங்கு பெருகியது. குச்சி இல்லாதவற்றில் அவ்வளவு விரைவாகப் பெருகவில்லை. ஊரே தகட்டைத் தேடி ஆப்பிளை அறுத்துப் பார்த்த காலம் போய், ஆளைக் கொன்றது குச்சியின் துளை என்று ஆயிற்று.

எங்களுடையது கேரமல் அல்ல, கெட்டி மிட்டாய். ஆனாலும் துளை துளைதான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கிருமி அடங்கும், பூச்சு கசிந்து ஒழுகிவிடும். ஆகவே அன்றன்றே செய்து அன்றன்றே தின்பது ஒன்றே வழி. இதில் சிக்கல் என்னவென்றால், இந்த ஆண்டு தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள்.

அக்டோபர் 30, புதன்

பழங்களைக் கழுவித் துடைத்துப் பரப்பிவைத்தாயிற்று. ‘இன்றே உண்ணவும், சிறு குழந்தைகளுக்கு வெட்டிக் கொடுக்கவும்’ என்று சீட்டுகளை மகள் எழுதினாள். பல்லில் கம்பி கட்டியிருக்கும் எதிர்வீட்டுப் பையனுக்கு மட்டும் அதிரசம்.

அக்டோபர் 31, வியாழன்

விடியலில் எண்ணெய்க் குளியல், நண்பகலில் பூஜை, மூன்று மணிக்குப் பாகு. பதினான்கு ஆப்பிள்களில் ஒன்று மட்டும் கொப்புளித்தது. அதற்குத்தான் முகம் பார்க்க அதிகப் பயங்கரமாக இருந்தது என்று மகள் அதையே தனக்கு எடுத்துக்கொண்டாள். அக்டோபர் கடைசி என்று நம்ப முடியாத அளவுக்கு வெதுவெதுப்பான மாலை. எலும்புக்கூடுகளும் வௌவால்களும் மேற்சட்டை இல்லாமலே வந்தார்கள். பட்டுப்புடவையில் அகல் விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து அம்மா சாக்லேட் கொடுத்தார். எந்த வேடத்துக்கும் அசராதவர், இடுப்பளவுகூட உயரமில்லாத ஒரு பூசணிக்காயைக் கண்டு மட்டும் எழுந்து போய் இரண்டு கை நிறையப் போட்டார்.

இரவு ஒன்பதரைக்கு, அங்கே காலை ஏழு மணி, கும்பகோணத்துக்கு வீடியோவில் பேசினோம். கறுப்பு நிறம் நாக்கில் அவ்வளவு அழுத்தமாக ஏறும் என்று செய்முறையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எங்கள் நால்வர் வாயையும் மாறி மாறிப் பார்த்த சித்தி, தீபாவளி லேகியத்தை இப்படியா தீய விடுவது என்று அம்மாவைக் கேட்டார்.