டிவிஎஸ் பெரியப்பா

மதுரைப் பக்கம் எந்த பஸ் ஓடினாலும் எங்கள் பெரியப்பாவுக்கு அது டிவிஎஸ்தான். தனியார் கம்பெனியான டிவிஎஸ்ஸின் பஸ்களை 1972-இல் அரசுடைமையாக்கி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று எழுதினார்கள், 1997-இல் அந்தப் பாண்டியனையும் அழித்து தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றாக்கினார்கள், இவர் இன்னும் "டிவிஎஸ் போயிருச்சா?" என்றுதான் கேட்பார்.

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காதுகுத்து. அந்த ஊருக்கு மினி பஸ்தான். நாங்கள் போனபோது டிரைவர் டீக்கடையில், கண்டக்டர் படியில் சாய்ந்து கூட்டம் சேரட்டும் என்று நிற்கிறார். பெரியப்பாவுக்கு இது போதாதா.

டிவிஎஸ்ஸைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் விட்டதிலிருந்து கதையை ஆரம்பித்தார் பெரியப்பா. ரோடெல்லாம் மாட்டு லாட ஆணி கிடந்து டயரைப் பஞ்சராக்கும் என்று, காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி ஆணி பொறுக்க வைத்தார்களாம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் பஸ் ஓட்டினார்களாம். (இந்தக் கரி பஸ் கதை மட்டும் எனக்கு எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது. பயணிகளோடு ஒரு அடுப்பையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், மேட்டில் என்ன திணறு திணறியிருக்கும்!) அப்புறம் எல்லோரும் சொல்லும் அந்தப் பெருமை, டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கொண்டது.

"யாருக்காகவும் ஒரு நிமிசம் நிக்காது தம்பி. கலெக்டரே ஓடி வந்தாலும் நிக்காது!"

கலெக்டர் விஷயத்துக்கு நான் பொறுப்பில்லை. கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், வாயே திறக்கவில்லை.

டிரைவர் வந்தார், ஹாரன் அடித்தார், வண்டி நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தால் பெரியம்மாவைக் காணோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மல்லிகைப்பூக்காரம்மாவிடம், முழம் என்றால் கை முழுக்க அளக்க வேண்டாமா என்று நியாயம் பேசிக்கொண்டிருக்கிறார். பெரியப்பா ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "ஏய், நிறுத்துப்பா! பொம்பளையாளு வர வேணாமா? அப்படி என்ன தலை போற அவசரம்?" என்று போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் நிதானமாக விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார்.

"ஐயா, டிவிஎஸ்ஸா இருந்தா இந்நேரம் புதுக்கோட்டையில இருக்கும்."

பஸ்ஸே சிரித்தது. பெரியம்மா ஆற அமர வந்து ஏறி, பூவை மடியில் வைத்துக்கொண்டு, "எதுக்குடா எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா, "ஒண்ணுமில்ல, மூணு டிக்கெட் எடுறா" என்றார்.